காலேஜ் சீட் கெடச்சாச்சு, ஒரு பாடத்தை விட்டுடலாமா? அமெரிக்கப் பள்ளிகளின் கடைசி செமஸ்டர் குழப்பம்

மார்ச் மாதக் கடைசி. கலிஃபோர்னியாவில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுகிறாள். அவள் ஆசைப்பட்ட பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அம்மா உடனே ஊருக்கு வாட்ஸ்அப் கால் போடுகிறார். அங்கே அதிகாலை, பாட்டி காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருக்கிறார். வீடே சந்தோஷத்தில் மிதக்கிறது.

இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கேள்வி வருகிறது.

“அப்பா, ஏபி கால்குலஸை டிராப் பண்ணிடட்டுமா? அதான் சீட் கெடச்சிடுச்சே.”

அப்பா தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தவர். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “நடு வருஷத்துல ஒரு பாடத்தை எப்படிம்மா விட முடியும்?”

முடியும். ஆனால் யாரிடமும் சொல்லாமல் விட்டால், கையில் இருக்கும் சீட்டே போய்விடும் ஆபத்தும் உண்டு. அது எப்படி?

பாடத்தை நடுவில் விட முடியுமா?

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் ‘குரூப்’ எடுத்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டு மொழிப்பாடம், நான்கு குரூப் பாடம், மொத்தம் 600 மதிப்பெண். கணக்கு பிடிக்கவில்லை என்று பிப்ரவரியில் போய்ச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரை நான்கு ஆண்டுகள். ஒவ்வொரு மாணவருக்கும் தனித் தனி டைம்டேபிள். பள்ளி கவுன்சிலரோடு உட்கார்ந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூடுதல் சவால் வேண்டுமென்றால் ‘ஏபி’ எனப்படும் கல்லூரித் தரப் பாடங்களை எடுக்கலாம். செமஸ்டர் தொடங்கிய பின்னும் சில வாரங்களுக்குப் பாடத்தை மாற்றவோ விடவோ பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. அந்தக் கெடு தாண்டிவிட்டால் சர்டிஃபிகேட்டில் ‘விலகினார்’ என்று ஒரு குறி விழும். சில பள்ளிகளில் ‘ஃபெயில்’ என்றே பதிவாகும். இந்த விதிகள் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

ஆக, பள்ளியின் கதவு திறந்துதான் இருக்கிறது. சிக்கல் கல்லூரிப் பக்கம்தான்.

எல்லாம் சோம்பேறித்தனமா?

கடைசி ஆண்டு மாணவர்களை அங்கே ‘சீனியர்’ என்பார்கள். சீட் கிடைத்ததும் படிப்பில் வரும் தளர்ச்சிக்கு ‘சீனியரைட்டிஸ்’ என்று கேலியாகப் பெயரும் உண்டு. அப்பென்டிசைட்டிஸ், டான்சிலைட்டிஸ் மாதிரி இதையும் ஒரு நோயாக்கிவிட்டார்கள்!

ஆனால் பாடத்தை விட நினைக்கிற எல்லோருக்கும் இந்த ‘நோய்’ என்று சொல்லிவிட முடியாது. ஐந்து ஏபி பாடங்களை ஒரே ஆண்டில் எடுத்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்குமுன் தூங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். காலேஜ் செலவுக்காகச் சாயங்கால வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பு சரியில்லாமல் வாரக்கணக்கில் வகுப்பைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். காரணம் நியாயமாக இருந்தால் கேட்டுக்கொள்ளக் கல்லூரிகளும் தயார்தான். ஆனால் அந்தக் காரணம் அவர்கள் காதுக்குப் போக வேண்டும்.

சீட் ‘கன்ஃபர்ம்’ ஆகவில்லையா?

ரயில் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் புரியும். டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. பெர்த் நம்பரும் வந்துவிட்டது. ஆனாலும் வண்டியில் டிடிஆர் வந்து அடையாள அட்டை கேட்பார். டிக்கெட்டில் இருக்கும் ஆளும் பெர்த்தில் இருக்கும் ஆளும் ஒருவர்தானா என்று பார்ப்பார்.

அமெரிக்கக் கல்லூரி சீட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். விண்ணப்பம் போகும்போது பன்னிரண்டாம் வகுப்பு பாதிகூட முடிந்திருக்காது. முன்கூட்டியே விண்ணப்பிக்கிறவர்களுக்கு நவம்பரிலேயே கெடு. மற்றவர்களுக்குப் பல இடங்களில் ஜனவரி தொடக்கம். அதனால் ‘இந்த ஆண்டு என்னென்ன பாடம் படிக்கிறீர்கள்?’ என்று விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுவார்கள். மாணவர் பட்டியல் தருகிறார். அந்தப் பட்டியலையும் முந்தைய மதிப்பெண்களையும் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். அதாவது, இன்னும் முடிக்காத பாடங்களை நம்பி, முன்கடனாகக் கொடுத்த சீட் அது.

ஏராளமான கல்லூரிகள் பயன்படுத்தும் ‘காமன் ஆப்’ என்ற பொது விண்ணப்பத்தில் மாணவர் ஓர் உறுதிமொழிக்குக் கையொப்பமிடுகிறார். எல்லா அட்மிஷனும் நிபந்தனைக்கு உட்பட்டதே. எந்தத் தரத்தைப் பார்த்து இடம் கொடுத்தார்களோ, அதே தரம் கடைசி மதிப்பெண் பட்டியலிலும் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அவசரத்தில் டிக் அடித்துவிட்டுப் போகிற வரிகளில் அதுவும் ஒன்று.

கல்லூரிக்கு எப்படித் தெரியும்?

“யாரு பாக்கப் போறாங்க?” என்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் கணக்கு. பார்ப்பார்கள்.

முதலில், பல தனியார் கல்லூரிகள் முதல் செமஸ்டர் மதிப்பெண்களை ‘மிட்-இயர் ரிப்போர்ட்’ என்ற பெயரில் பள்ளியிடமிருந்து வாங்குகின்றன. எம்ஐடி போன்ற இடங்களில் மாணவரே பிப்ரவரியில் தனிப் படிவத்தில் இந்த விவரங்களைத் தர வேண்டும்.

அடுத்து, எந்தக் கல்லூரி என்று மாணவர் முடிவு சொல்லப் பெரும்பாலான இடங்களில் மே 1 கடைசி நாள். அன்றோடு மற்றக் கல்லூரிகளுக்கு ‘வேண்டாம்’ சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, பள்ளி முடிந்ததும் இறுதி மதிப்பெண் பட்டியல் பள்ளியிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போகிறது. விண்ணப்பத்தில் சொன்ன பட்டியலையும் இதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அங்கே கால்குலஸ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், கடிதம் வரும். அது ஜூலையிலோ ஆகஸ்டிலோ வரும். அதற்குள் மற்றக் கல்லூரிகளின் கதவு மூடியிருக்கும். இதில் இருக்கும் நிஜமான ஆபத்து இதுதான். சீட் போவதைவிட, மாற்று வழி இல்லாத நேரத்தில் போவதுதான் பெரிய அடி.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது?

‘யூசி’ என்று அழைக்கப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இந்த விஷயத்தில் வெளிப்படையாகவே கறார். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், இர்வைன் என இளநிலைப் படிப்பு தரும் ஒன்பது வளாகங்கள் இதில் இருக்கின்றன.

யூசி விண்ணப்பத்தில் மாணவர்கள் தங்கள் பாடங்களையும் கிரேடுகளையும் தாங்களே நிரப்புகிறார்கள். பொதுவாக அந்தக் கட்டத்தில் சர்டிஃபிகேட் எதுவும் கேட்பதில்லை. நம்பி வாங்கிக்கொண்டு, பிறகு சரிபார்ப்பதே அதன் வழக்கம். இறுதி மதிப்பெண் பட்டியலுக்கு வழக்கமான கெடு ஜூலை 1.

இடம் கிடைத்தவர்களுக்கு ஒவ்வொரு வளாகமும் நிபந்தனைப் பட்டியல் ஒன்றைத் தருகிறது. வார்த்தைகள் மாறினாலும் அடிப்படை இதுதான்: விண்ணப்பத்தில் சொன்ன பாடங்களை முடிக்க வேண்டும். அவற்றில் ‘சி’ கிரேடுக்குக் கீழே போகக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு ஜிபிஏ, வளாகம் குறிப்பிடும் அளவுக்குக் குறையக் கூடாது. பல வளாகங்களில் அது 3.0. பாடத்தை மாற்றினாலோ விட்டாலோ, ‘டி’ அல்லது ‘எஃப்’ வாங்கினாலோ, தாமதிக்காமல் மாணவரே தெரிவிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி நிபந்தனை. பாடத்தை மாற்றவே கூடாது என்று அது சொல்லவில்லை. மாற்றினால் சொல்லிவிட வேண்டும் என்கிறது.

2017இல் இர்வைனில் நடந்தது என்ன?

இதெல்லாம் வெறும் மிரட்டல் என்று நினைப்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டு ஒரு பாடம்.

அந்த ஆண்டு யூசி இர்வைன் வளாகத்தில் சேர விரும்பிச் சம்மதம் சொன்ன புதிய மாணவர்கள், வளாகம் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 800 பேர் அதிகம். கல்லூரிகள் எப்போதும் இருக்கிற இடத்தைவிட அதிகம் பேருக்கு அட்மிஷன் கொடுக்கும். எல்லோரும் வரமாட்டார்கள் என்ற கணக்கு அது. அந்த ஆண்டு கணக்கு தப்பியது.

கோடையில், வகுப்புகள் தொடங்கச் சுமார் இரண்டு மாதமே இருந்த நிலையில், 499 பேரின் அட்மிஷனை வளாகம் ரத்து செய்தது. அதில் சுமார் 290 பேருக்குச் சொல்லப்பட்ட காரணம், மதிப்பெண் பட்டியல் வந்து சேர்ந்ததில் சிக்கல். மற்றவர்களுக்குக் காரணம் பன்னிரண்டாம் வகுப்பு கிரேடு. வேறு கல்லூரிகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். போராட்டம் நடந்தது, செய்தி நாடு முழுவதும் பரவியது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் வளாகத்தின் சான்சலர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டார். (அங்கே சான்சலர் என்றால் வளாகத்தின் தலைவர், நம் ஊர் மாதிரி ஆளுநர் அல்ல.) ஆவணச் சிக்கலால் இடம் இழந்த தகுதியுள்ள மாணவர்கள் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் கிரேடு நிபந்தனையை நிஜமாகவே மீறியவர்களுக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. அவர்கள் முறையீடு செய்துதான் பார்க்க முடிந்தது.

இதிலிருந்து தெரிவது ஒன்று. சிறு மீறல்களைக் கல்லூரி கண்டுகொள்ளுமா என்பது மாணவரை மட்டும் பொறுத்ததல்ல. அந்த ஆண்டு எத்தனை பேர் வந்து குவிந்தார்கள் என்பதையும் பொறுத்தது. “போன வருஷம் அக்கா ஒரு பாடத்தை விட்டா, ஒண்ணும் ஆகலையே” என்பது இந்த ஆண்டுக்குச் செல்லாது.

‘டி’ வாங்குவதா, பாடத்தை விடுவதா?

மீண்டும் அந்தச் சாப்பாட்டு மேஜைக்கு வருவோம். அப்பா கொஞ்சம் குரலைத் தணித்துக் கேட்கிறார்: “ஏம்மா விடணும்னு தோணுது?”

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். “சி-க்கும் டி-க்கும் நடுவுல இருக்குப்பா. ராத்திரி ஒரு மணி வரைக்கும் போட்டுப் பாக்குறேன். புரியல. டி வந்துட்டா சீட் போயிடும்னு சொல்றாங்க.”

சோம்பேறித்தனம் என்று அப்பா நினைத்திருந்தார். இது பயம்.

இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் தவறான கணக்குப் போடுகிறார்கள். ‘டி’ வந்தால் ஆபத்து, ஆகவே டி வருமுன் பாடத்தை விட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் சொல்லாமல் விடுவதும் நிபந்தனை மீறல்தான். ஒரு மீறலிலிருந்து தப்பிக்க இன்னொரு மீறலில் போய் விழுவது அது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, கேட்பது. ஏபி வகுப்பிலிருந்து அதே பாடத்தின் சாதாரண வகுப்புக்கு மாறலாமா? செமஸ்டர் முழுக்க வேறு கணித வகுப்பு எடுக்கலாமா? டி வந்தால் கோடையில் திரும்பப் படித்துச் சரிசெய்ய விடுவீர்களா? இதையெல்லாம் கேட்கலாம். அனுமதி கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் ஏப்ரலில் கேட்டால் கையில் வழிகள் இருக்கும். ஆகஸ்டில் கேட்டால் முறையீடு மட்டும்தான் மிஞ்சும்.

எந்தப் பாடம் என்பது முக்கியமா?

ரொம்ப முக்கியம். எல்லாப் பாடமும் ஒரே எடை அல்ல.

● பள்ளி முடிக்கத் தேவையான பாடங்கள்: கலிஃபோர்னியாவில் பள்ளிப் படிப்பை முடிக்க அமெரிக்க அரசமைப்பு ஒரு செமஸ்டர், பொருளாதாரம் ஒரு செமஸ்டர் கட்டாயம். பெரும்பாலும் இவை பன்னிரண்டாம் வகுப்பில்தான் வரும். இவற்றை விட்டால் பள்ளிச் சான்றிதழே கிடைக்காது; கல்லூரி பிறகு.

● கல்லூரி கேட்கும் அடிப்படைப் பாடங்கள்: யூசி நான்கு ஆண்டு ஆங்கிலம் கேட்கிறது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் கைவைக்க முடியாது. கணிதம் குறைந்தது மூன்று ஆண்டு. நான்கு ஆண்டு நல்லது என்கிறது. பதினொன்றிலேயே மூன்றை முடித்தவருக்குக் கால்குலஸை விடுவதால் அடிப்படைத் தகுதி போகாது. ஆனால் விண்ணப்பத்தில் அதைக் காட்டியிருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்ஜினீயரிங் சீட் என்றால் கேள்வி இன்னும் கடுமையாக வரும்.

● ஆண்டு முழுக்க நடக்கும் பாடம்: இரண்டாவது செமஸ்டரை மட்டும் விடுவது ‘பாதிதானே’ என்று தோன்றும். கல்லூரியின் கண்ணில் அது முடிக்காத பாடம்.

● கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு: சிலர் பள்ளியில் படிக்கும்போதே பக்கத்துக் கல்லூரியில் ஒரு வகுப்பு எடுப்பார்கள். அதிலிருந்து விலகினால் அந்தக் குறி கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும். பிற்பாடு மெடிக்கல் படிக்க விண்ணப்பிக்கும்போது, பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரி வகுப்புகளின் பதிவையும் சேர்த்துத்தான் தர வேண்டும். பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபத்திரண்டு வயதில் வந்து நிற்கும்.

● ஸ்காலர்ஷிப், விளையாட்டு: ஜார்ஜியா மாநிலத்தின் ‘ஹோப்’ உதவித்தொகைக்கு 3.0 ஜிபிஏவோடு, கடினமான பாடங்கள் என்று மாநிலம் குறித்த பட்டியலிலிருந்து நான்கு பாடங்களும் தேவை. அதில் ஒன்றை விட்டால் சீட் இருக்கும், பணம் போய்விடலாம். கல்லூரி அணிக்காக முதல் டிவிஷனில் ஆடப் போகிறவர்களுக்கு 16 முக்கியப் பாடங்கள் என்ற கணக்கு தனியாக உண்டு.

இவற்றில் எதிலும் சேராத விருப்பப் பாடம் என்றால் ஆபத்து குறைவு. மட்பாண்ட வகுப்பை விட்டதற்காகப் பெரிய கேள்வி வருவது அபூர்வம். ஆனாலும் விண்ணப்பத்தில் அது இருந்தால், ஒரு வரி எழுதிவிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் கல்லூரி அனுப்பிய நிபந்தனைக் கடிதத்தை ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும். கான்ஃபெட்டி பறந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில்தான் அது இருக்கும்.

அடுத்து பள்ளி கவுன்சிலரைப் பார்க்க வேண்டும். பாடத்தை விட்டால் சர்டிஃபிகேட்டில் என்ன விழும், பள்ளிப் படிப்பை முடிப்பதில் சிக்கல் வருமா என்று அவர்தான் சொல்ல முடியும். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பதே அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் எண்ணிக்கை அதைத் தாண்டிவிடுகிறது. அவராகவே ஞாபகம் வைத்துக் கூப்பிடுவார் என்று காத்திருக்கக் கூடாது.

மூன்றாவதாக கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும். போர்ட்டலில் அதற்கென்று படிவம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் ஈமெயிலில். போனில் யாரோ “பரவாயில்லை” என்று சொன்னது ஆகஸ்டில் சாட்சிக்கு வராது. எழுத வேண்டியவர் மாணவர். அப்பா அம்மா அல்ல.

நீளமாகக் கதை எழுத வேண்டாம். இப்படி நாலு வரி போதும்:

“நான் இந்த ஆண்டு சேர அனுமதி பெற்ற மாணவி. என் விண்ணப்ப எண் இது. விண்ணப்பத்தில் ஏபி கால்குலஸ் குறிப்பிட்டிருந்தேன். இந்தக் காரணத்தால் இரண்டாவது செமஸ்டரில் அதற்குப் பதிலாகப் புள்ளியியல் வகுப்புக்கு மாற விரும்புகிறேன். இது என் அட்மிஷனைப் பாதிக்குமா? உங்கள் பதில் வரும்வரை இப்போதைய வகுப்பில் தொடர்கிறேன்.”

கடைசி வரிதான் உயிர்நாடி. முதலில் கேள்வி, பிறகு பதில், அதன் பிறகே மாற்றம். விட்டுவிட்டு அனுமதி கேட்பது வேறு. அனுமதி கேட்டுவிட்டு விடுவது வேறு.

நான்காவதாக வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டும். ‘வேண்டாம், தொடருங்கள்’ என்று பதில் வந்தால் ஆசிரியரிடம் போய் உதவி கேட்க வேண்டும். சீட் போகிற நிலை என்று தெரிந்தால், கை கொடுக்காத ஆசிரியர்கள் குறைவு.

ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. ஏபி வகுப்பு வேறு, மே மாதம் நடக்கும் ஏபி தேர்வு வேறு. வகுப்பை முடித்துவிட்டுத் தேர்வை எழுதாமல் விடுவதால் பொதுவாக அட்மிஷன் போவதில்லை. அந்தக் கல்லூரி கிரெடிட் கிடைக்காது, அவ்வளவுதான். தேர்வு பயத்தில் வகுப்பையே விட நினைக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு?

சென்னையிலோ கோவையிலோ பிளஸ் டூ படித்துக்கொண்டே அமெரிக்காவில் சீட் வாங்கும் மாணவர்களுக்கும் இதே தர்க்கம்தான். அவர்களுக்கு இடம் கிடைப்பது பதினொன்று வரையிலான மதிப்பெண்ணையும், பள்ளி தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணையும் வைத்து. பொதுத்தேர்வு முடிவு அதற்குப் பிறகுதான் வருகிறது. இங்கே பாடத்தை விட முடியாது. ஆனால் பொதுத்தேர்வைக் கைவிட்டுவிட முடியும். “அமெரிக்கா சீட் இருக்கே, போர்டு எக்ஸாம் எதுக்கு முட்டி மோதணும்?” என்ற நினைப்பு அதே வகைதான். மதிப்பெண் சரிவு பெரிதாக இருந்தால் அங்கிருந்து விளக்கம் கேட்டு மெயில் வரலாம்.

அந்தச் சாப்பாட்டு மேஜையில் தட்டுகள் எடுத்தாகிவிட்டன. லேப்டாப் மறுபடி திறந்திருக்கிறது. இந்த முறை திரையில் கான்ஃபெட்டி இல்லை. நிபந்தனைப் பக்கம் இருக்கிறது. மகள் நாலு வரி டைப் செய்கிறாள். அப்பா பின்னால் நின்று பார்க்கிறார், எதையும் திருத்தவில்லை.

“அனுப்பிட்டேன்ப்பா.”

“சரிம்மா. பதில் வர்ற வரைக்கும் நாளைக்குக் கால்குலஸ் க்ளாஸுக்குப் போயிடு. இப்ப போய்த் தூங்கு.”